வெத்தலச் செவப்புல மறைஞ்சு போற ரத்தம்

ரங்கூன்ல மருந்துக்கடை கவுண்டர்ல நான் நிக்க ஆரம்பிச்சு பதினெட்டு வருசம் ஆச்சு, ஃபார்மசி படிச்சவ. பெகு பக்கத்துல இருந்து ஒரு அக்கா மாசாமாசம் பஸ் ஏறி வருவாங்க. சின்ன வயசுல வந்த மூட்டுவாதக் காய்ச்சல்ல இதய வால்வு கெட்டுப்போயி, செயற்கை வால்வு வெச்சவங்க, அதனால ஆயுசு முழுக்க வார்ஃபரின், ரத்தம் கட்டிக்காம இருக்கப் போடற மாத்திரை. ஒவ்வொரு தடவையும் "ஈறுல ரத்தம் வருதாக்கா"ன்னு கேப்பேன். "அதெல்லாம் இல்ல தங்கச்சி"ன்னுடுவாங்க. ஒருநாள் அவங்க நீட்டுன லேப் சீட்டுல ஐஎன்ஆர் 5.6. ரத்தம் உறைய எவ்வளவு லேட்டாகுதுன்னு காட்டற எண்ணு அது, ஏற ஏற ரத்தம் கசியற பயம் ஜாஸ்தி. அவங்களுக்கு 2.5லேருந்து 3.5க்குள்ள இருக்கணும்னு டாக்டர் எழுதியிருந்தாரு.

வாயக் கொப்புளிச்சு ரெண்டு மூணு தடவ துப்பச் சொன்னேன். வெத்தலச் செவப்பெல்லாம் போன பிறகும் கிண்ணத்துல செவப்பு வந்துக்கிட்டே இருந்துச்சு. எத்தன நாளாக்கான்னா, "எனக்கெங்க தெரியும், வாயி எப்பவும் செவப்பாத்தான இருக்கு"ன்னாங்க. நாள் பூரா குன்யா, அதான் வெத்தலை பாக்கு, போடற பழக்கம். அன்னிக்குத்தான் எனக்கே புரிஞ்சது, நம்ம ஊர்ல ஈறு ரத்தத்த கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது, பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்னு. காலைல முதல் வெத்தலைக்கு முன்னால வெள்ளைக் கிண்ணத்துல துப்பிப் பாருங்க. வெத்தலையோட போடற பாக்கும் சுண்ணாம்பும் வாயப் புண்ணாக்கும், புத்துநோயும் வரலாம், அதனால விட்டுட்டா ரொம்ப நல்லது, விட முடியாதவங்க இதையாவது செய்யுங்க. பல் விளக்கற பிரஷ்ஷும் மெத்துன்னு இருக்கணும்.

அந்தக்காவுக்கு ஏன் ஏறுச்சுன்னு விசாரிச்சா, பல்வலிக்கு ஊர்க்கடைல ஒரு பொட்டலம் வாங்கி அஞ்சு நாள் போட்டிருக்காங்க, அதுல மெட்ரோனிடசோல்ங்கற கிருமிக்கொல்லி மருந்து இருந்துச்சு. அது வார்ஃபரின உடம்புல கரைய விடாது, தேக்கி வெச்சிடும். இந்தக் கலப்புப் பொட்டலம்தான் எனக்குப் பெரிய பயமே, வெள்ளை ஒண்ணு மஞ்சள் ஒண்ணுன்னு சேத்துக் கட்டிக் குடுத்துடுறாங்க, உள்ள டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை இருந்தா வயித்துப் புண்ணுலேருந்து ரத்தம் கொட்டலாம். வலின்னா பாரசிட்டமால் பரவாயில்ல, ஆனா அதையும் வாரக்கணக்குல நெறைய போட்டா ஐஎன்ஆர் ஏறும். டிபிக்குக் குடுக்கற ரிஃபாம்பிசின் நேர்மாறு, வார்ஃபரினோட பலத்த ரொம்பக் கொறைச்சிடும். ஊசி போட்டாத்தான் சொகமாகும்னு இடுப்புல ஊசி போட்டுக்கறவங்களுக்கு சதைக்குள்ள ரத்தம் கட்டி கால நீட்ட முடியாமப் போயிருக்கு. எந்தக் கடைக்குப் போனாலும் எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல் வார்த்தை "நான் வார்ஃபரின் சாப்புடுறேன்"னு இருக்கட்டும்.

மாத்திரை என்ன பண்ணுதுன்னா, கல்லீரல் வைட்டமின் கே வெச்சுத்தான் ரத்தம் உறையறதுக்கான புரதத்த செய்யுது, அத இது கொறைக்குது. இன்னிக்குப் போட்ட டோஸோட பலன் ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் சீட்டுல தெரியும். அதனால கையில ஒரு நீலத் தழும்ப பாத்து பயந்து நீங்களா நிறுத்துனா அந்த நேரத்துக்கு ஒண்ணும் தெரியாது, நாள் கழிச்சு வால்வுல ரத்தக்கட்டி விழுந்து பக்கவாதமா வந்து நிக்கலாம். ஒருநாள் மறந்துட்டா மறுநாள் ரெண்டா போடவும் கூடாது.

இன்னொண்ணு, பொம்பளைங்க யாரும் கவுண்டர்ல வாயத் தொறந்து சொல்லாதது. மாதவிலக்கு. வார்ஃபரின் ஆரம்பிச்ச பிறகு ரொம்பப் போகலாம், கட்டி கட்டியா போகலாம், எட்டு நாள் பத்து நாள்கூட இழுக்கலாம். கூட வீட்டுக்காரர் நிப்பாரு, பின்னால வரிசை நிக்கும், எப்படிச் சொல்லுவாங்க? ஒரு பொண்ணு அந்த அஞ்சு நாளும் மாத்திரைய ஒளிச்சு வெச்சுக்கிட்டு இருந்திருக்கு, அது தெரிஞ்சப்ப எனக்கு கையெல்லாம் நடுங்கிப்போச்சு. மூச்சு வாங்குது, நகம் வெளுத்துப் போகுதுன்னா ரத்தசோகை, அதுக்கு வைத்தியம் இருக்கு, ரத்தப்போக்க கொறைக்கவும் வழி இருக்கு. சொல்ல கூச்சமா இருந்தா ஒரு துண்டுச் சீட்டுல எழுதி நீட்டுங்கம்மா. அதே மாதிரி கொழந்தைக்கு யோசிக்கறவங்க கர்ப்பமாகறதுக்கு முன்னாலயே டாக்டர்கிட்ட பேசிடணும், முதல் மூணு மாசத்துல இது வயித்துப் பிள்ளைய பாதிக்கும்.

சாப்பாட்டுல எல்லாரும் கேக்கறது லப்பெ, அதான் ஊறவெச்ச தேயிலை, சாப்புடலாமான்னுதான். தேத்தண்ணியா குடிச்சா பெருசா வைட்டமின் கே எறங்காது, லப்பெல இலையையே திங்கறோமே, அதுல சேரும். புளிச்சக்கீரையும் அப்படித்தான். ரெண்டையும் விட வேண்டாம், வாராவாரம் ஒரே அளவுல இருந்தா போதும். ஏறி எறங்குனாதான் தொல்லை. தைப்பூச விரதத்துல திடீர்னு தெனமும் கீரையும் காயுமா மாறும்போது ஐஎன்ஆர் எறங்கறத நான் பாத்திருக்கேன், விரதம் தொடங்கறப்பவே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அலகு குத்தறது மட்டும் வேண்டவே வேண்டாம், நாக்குல ஓட்டை போட்டா ரத்தத்த நிறுத்தறது கஷ்டம். பால்குடம் எடுங்க, முருகன் ஏத்துக்குவான்.

சிங்கப்பூர்லேருந்து சொந்தக்காரங்க ரிவரோக்சபான் மாதிரி புது மாத்திரை வாங்கி அனுப்புறாங்க, ரத்தப் பரிசோதனையே வேண்டாமாம்னு. நல்ல மருந்துதான், ஆனா செயற்கை உலோக வால்வுக்கு ஆகாது. மூட்டுவாதத்தால வால்வு ரொம்பச் சுருங்குனவங்களுக்கும் வார்ஃபரின்தான், 2022ல வந்த ஆய்வுலயும் அவங்களுக்கு பழைய மருந்துதான் மேலுன்னு தெரிஞ்சது.

மலம் தார் மாதிரி கருப்பா போனா, வாந்தி காப்பித்தூள் மாதிரி வந்தா, மூத்திரம் செவந்தா, தாங்க முடியாத தலைவலின்னா உடனே ஆஸ்பத்திரி. பைக்லேருந்து விழுந்து தலையில அடிபட்டா வெளிய காயமே இல்லாட்டியும் போகணும். வயக்காட்டு ஆளுங்களுக்கு ஒண்ணு, கண்ணாடிவிரியன் விஷமும் ரத்தத்த உறைய விடாது. கடிச்சா கண்ணாடிக் குழாய்ல 20 நிமிசம் ரத்தம் வெச்சுப் பாப்பாங்க, நீங்க வார்ஃபரின் சாப்புடறது தெரியலன்னா, ரத்தம் உறையாதது விஷத்தாலயா மாத்திரையாலயான்னு கணக்கு கொழம்பிடலாம்.

திஞ்சானுக்கு, அதான் பர்மா புத்தாண்டுத் தண்ணித் திருவிழாவுக்கு, கடையும் லேபும் மூடிடுவோம், ரெண்டு வாரத்துக்கு வேண்டிய மாத்திரைய முன்கூட்டியே வாங்கி வைங்க, வாங்கறப்ப பழைய அட்டையையும் கொண்டு வாங்க, கம்பெனி மாறுனா நிறமும் மாறும், மில்லிகிராம் எண்ண ரெண்டு பேருமா சேந்து படிச்சுப் பாத்துடலாம்.