கிராம சபைத் தீர்மானம்: புத்தகத்தில் ஏறும்வரை விடாதீர்கள்

குடிநீர்க் குழாய் உடைந்து கிடக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை என்று கிராம சபையில் எழுந்து பேசுகிறார்கள். கூட்டத்தைக் கவனிக்கப் பற்றாளராக வந்த அரசு அலுவலர் தலையாட்டுகிறார். சில மாதம் கழித்து ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டால், "அப்படி ஒரு தீர்மானமே இல்லையே" என்கிறார்கள். அது பொய்யும் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை. இப்படி ஏமாந்து திரும்பியவர்கள் ஏராளம்.

சட்டம் சொல்வது சுருக்கமானது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன்படி ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் கிராம சபை உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம், வளர்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் தரலாம், மறுக்கலாம்.

முதல் பொறி அந்த வாக்காளர் பட்டியல்தான். ரேஷன் கார்டும் ஆதாரும் இதே ஊர் முகவரியில் இருந்தாலும் பயனில்லை. கல்யாணமாகி வந்த பெண்களில் பலருக்கு ஓட்டு இன்னும் பிறந்த ஊரில்தான் இருக்கிறது. எதிர்த்துப் பேசுகிறவரை உட்காரவைக்க, "உங்களுக்கு இந்த ஊரில் ஓட்டே இல்லையே" என்ற ஒரு வரி போதும். படிவம் 8 கொடுத்து முன்கூட்டியே முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது குறைவெண் வரம்பு. மக்கள் தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். ஆள் சேரவில்லை என்றால் கூட்டம் செல்லாது. ஆனால் நடப்பது வேறு: அரை மணி நேரத்தில் கூட்டத்தை முடித்துவிட்டு, மறுநாள் வேலை நடக்கும் இடத்துக்கே நோட்டைத் தூக்கிப்போய்க் கையெழுத்து வாங்குகிறார்கள். எதற்கு என்று தெரியாமல் போடாதீர்கள். கூட்டத்தில் போடும்போதும் பக்கத்தைப் பாருங்கள். கடைசித் தீர்மானத்துக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே அரைப் பக்கம் வெற்றாக விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் பிறகு என்ன வேண்டுமானாலும் ஏறும். குறுக்கே கோடு போடச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். முறைப்பார்கள், முறைக்கட்டும்.

கோரிக்கையை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். கூட்டத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் மனுவாகக் கொடுத்து, நகலில் தேதியுடன் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். "கூட்டப்பொருள் மேலிடத்திலிருந்து வந்துவிட்டது, இதைச் சேர்க்க முடியாது" என்பார்கள். ஊர்மக்களின் கோரிக்கையைச் சேர்க்க முடியாது என்றால் பிறகு எதற்குக் கிராம சபை? பலர் சேர்ந்து கேட்டால் எழுதுவார்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லி, தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை, மின்வாரியம் போன்ற ஊராட்சியின் கையில் இல்லாதவற்றுக்குத் தீர்மானம் போட்டால் அது வேண்டுகோள் மட்டுமே. சம்பந்தப்பட்ட துறைக்குத் தனியாக மனு கொடுத்தாக வேண்டும்.

கணக்கு கேட்கிறவர்கள், ஊராட்சியின் வரவு செலவு அறிக்கையை "படிவம் 30" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் "கணக்கு" என்றால் ஏதோ ஒரு தாளை வாசித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள்.

28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, அவர்களுக்குப் பதிலாக நிர்வாகத்தைக் கவனிக்க அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லை என்பதால் கிராம சபையும் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். சபையின் உறுப்பினர்கள் வாக்காளர்கள். அவர்களுக்குப் பதவிக்காலம் கிடையாது.

தீர்மான நகல் கேட்டால் செயலர் வட்டார வளர்ச்சி அலுவலரைக் கைகாட்டுவார், அவர் செயலரைக் கைகாட்டுவார். அந்த அலைச்சலில் இறங்காமல், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. நகலோடு, தீர்மானப் புத்தகத்தை நேரில் பார்வையிடவும் அதே மனுவில் அனுமதி கேளுங்கள். பார்க்கும்போது வருகைக் கையெழுத்துகளையும் நிதானமாகப் படியுங்கள். இறந்துபோனவர் பெயரோ, அன்று ஊரிலேயே இல்லாதவர் பெயரோ கண்ணில் பட்டால், மாவட்ட ஆட்சியருக்கு எழுதும் புகாரின் முதல் வரியில் அதைப் போடுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான்.