சவர்க்காரம்: பெயரிலேயே இருக்கிறது காரம்

பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையில் பருப்புக் கறி சிந்திவிட்டது. மலைத் தண்ணீர் விழும் பீலியடிக் கல்லில் விரித்துச் சவுக்காரம் தேய்த்தேன். மஞ்சள் கறை கண்ணெதிரே செங்கல் நிறத்துக்கு மாறியது. பக்கத்தில் கம்பளி அலசிக்கொண்டிருந்த அம்மாயி எட்டிப் பார்த்து, "என்னா புள்ள, ரத்தமா?" என்றார். பருப்புக் கறை என்று சொன்னதும், "அப்ப சவுக்காரத்துல காரம் கூட. நல்லா அலசு, கையி எரியும்" என்றார்.

அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பாசிச்சாயத்தாளை (லிட்மஸ் தாளை) அம்மாயி கண்டவரில்லை. மஞ்சள் காரத்தில் சிவக்கும் என்று நான் விஞ்ஞானப் பாடத்தில் படித்ததும் அதற்குப் பிறகுதான். ஆனால் அவர் சொன்ன 'காரம்' அந்தப் பாடத்தின் காரமேதான்.

எழுத்தில் சவர்க்காரம், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பேச்சில் சவுக்காரம், சவக்காரம். பிரித்தால் சவர், காரம் என்று இரண்டு துண்டு. சவர் என்றால் உவர்ப்பு. கிணற்று நீர் உப்புக் கரித்தால் யாழ்ப்பாணத்தில் 'சவர்த் தண்ணி' என்பார்கள். மலையில் பீலித் தண்ணீர் கரிப்பதில்லை. அதனால் சொல்லின் முன்பாதி இன்னதென்று தெரியாமலே நாங்கள் அதைப் புழங்கிவந்தோம். பின்பாதியான காரம் வடமொழி க்ஷாரத்தின் தமிழ் வடிவம். சாம்பலைக் கரைத்து வடித்தால் கிடைக்கும், தோலை அரிக்கிற உப்பு அது. ஆங்கிலத்தின் 'அல்கலி'யும் அரபு மொழியில் உவர்ச் செடியைச் சுட்ட சாம்பலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பானை தேய்க்க அடுப்புச் சாம்பல், வெள்ளாவிக்கு உவர்மண் என்று நம்மவர் கையாண்டதும் இதே பொருளைத்தான். கொழுப்பையும் எரிகாரத்தையும் சேர்த்துக் காய்ச்சிக் கட்டியாக்கிய பண்டம் பின்னால் வந்தபோது பழைய பெயர் அதற்குப் போனது. போர்த்துக்கேயரின் 'சபாவோ' சிங்களத்தில் சபன் ஆயிற்று. ஆங்கிலச் சொல் நம் பேச்சில் சோப்பு ஆயிற்று. அந்த இரண்டும் உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்வதில்லை. சவர்க்காரம் சொல்கிறது.

மிளகாய்க் காரத்தை இதில் போட்டுக் குழப்ப வேண்டாம். மிளகாய் நரம்பைச் சுண்டுகிறது, அவ்வளவுதான். வேதியியலில் அது காரம் அல்ல. அதற்கு 'உறைப்பு' என்று தனிச்சொல் வைத்திருப்பவர்கள் புத்திசாலிகள். நம் பாடநூல்கள் ஒரு படி மேலே போய், அமிலத்துக்கு எதிரானவை எல்லாம் 'மூலம்', அவற்றில் நீரில் கரைபவை மட்டும் 'காரம்' என்று பிரிக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நிற்கும் அமிலம் வடமொழி அம்லம், அதாவது புளிப்பு. தமிழில் புளி உண்டு, காடி உண்டு, வைத்தியர் சொல்லும் திராவகமும் உண்டு. 'காடித்தன்மை' என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். எனக்குக் காடி என்றதும் புளித்த கஞ்சிதான் நினைவுக்கு வருகிறது. அமிலம் ஊன்றிவிட்டது, இருக்கட்டும்.

இரண்டையும் ஒரே கோலில் அளப்பதுதான் பீஎச். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை செய்த சோரன்சன் 1909இல் வகுத்தது. 7 நடு, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தமிழில் 'அமிலகாரச் சுட்டெண்' என்றால் பொருள் விளங்கும், ஆனால் கடையில் கேட்க முடியாது. இந்தக் கோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. நம் தோலின் மேற்பரப்பு 4.5க்கும் 5.5க்கும் இடையில் நிற்கிறது. ஆக, தோல் இயல்பிலேயே கொஞ்சம் புளிப்பு. வியர்வையின் லக்டிக் அமிலமும் தோலெண்ணெயின் கொழுப்பமிலங்களும் அதில் பங்கெடுக்கின்றன. 1928இல் சாடே, மார்க்கியோனினி என்ற இருவர் இதற்குச் சூட்டிய ஜெர்மன் பெயரை 'அமிலப் போர்வை' என்று தமிழாக்கலாம். மலைக்காரருக்குப் போர்வையின் அருமை தெரியும்.

சவர்க்காரக் கட்டியின் நுரை 9, 10 என்று நிற்கும். தோலின் 5இலிருந்து 10க்கு ஐந்து படி, அதாவது ஓர் இலட்சம் மடங்கு. அழுக்கோடு தோலின் கொழுப்பும் கழன்று போகிறது. மேல்தோல் ஊறிப் பருக்கிறது. தோல் தன் கொழுப்பைத் திரும்பக் கட்டுவதற்கு வேண்டிய நொதிகள் புளிப்பில்தான் சரியாக வேலை செய்யும். காரத்தில் அவை மந்தமாகி, தோலை உரிக்கும் நொதிகள் துள்ளுகின்றன. நல்ல தோல் சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்குள் அடுத்த பாத்திரம், அடுத்த துணி, அடுத்த பிள்ளையின் கால் கழுவல் என்று வந்தால்? மார்கழிக் குளிரில் அந்தக் கையைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

சின்னம்மாவின் வலது பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கொழுந்துச் சாற்றில் கறுத்திருக்கும். வேலை விட்டு வந்து சவுக்காரம் போட்டால் கறுப்பு போவதற்குப் பதில் இன்னும் ஏறும். ஒரு கோப்பை பாலில்லாத சாயத் தண்ணியில் தேசிக்காய் பிழிந்து பாருங்கள், நிறம் வெளிறும். இன்னொன்றில் துளி அப்பச் சோடா போடுங்கள், கறுக்கும். தேயிலைச் சாயமே ஒரு பாசிச்சாயத்தாள். அது சின்னம்மாவின் விரலிலும் ஒட்டியிருக்கிறது. அதனால் பெண்கள் தேசிக்காய்த் தோலைத் தேய்க்கிறார்கள். கறை தெளியும். ஆனால் தேசிக்காயின் பீஎச் 2 அளவில். வெடிப்புக்குள் போனால் உயிர் போகும். சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் கொப்புளித்துக் கறுத்துப்போவதும் உண்டு. காரம் கெடுத்ததைப் புளி ஊற்றிச் சரிசெய்ய முடியாது.

'அசிட்' என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஐதரோக்குளோரிக் அமிலம் உள்ள கழிவறைத் திரவங்களுக்குப் பயப்படத்தான் வேண்டும். ஆனால் கடுங்காரம் பட்டால் புண் பெரும்பாலும் அதைவிட ஆழமாகப் போகும். அமிலம் தான் பட்ட தசையை உறையவைத்துத் தனக்கே ஒரு தடுப்புக் கட்டிக்கொள்கிறது. காரம் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்குகிறது. கையில் வழவழப்பாகத் தெரிவது தோலின் கொழுப்பே சவர்க்காரமாக மாறும் தடம். எது பட்டாலும் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் காட்ட வேண்டும். கழிவறைத் திரவத்தோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

கடைசியாகக் கடையில் விற்கும் 'பீஎச் 5.5 சோப்பு'. சொற்படி பார்த்தால் இது முரண். சவர்க்காரக் கரைசலில் தேசிக்காய் பிழிந்தால் வெள்ளையாகத் திரிந்துவிடும். புளித்த சவர்க்காரம் என்று ஒன்று கிடையாது. 5.5 என்று எழுதிய கட்டியில் இருப்பது வேறு வகைச் செயற்கை அழுக்ககற்றி. சோப்புக்குத் தனித்தமிழாக 'வழலை' என்பதைச் சிலர் முன்வைக்கிறார்கள். அதைச் சவர்க்காரத்துக்கு மாற்றாக வைப்பதைவிட, காரமில்லாத இந்தப் புதுக் கட்டிக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

போன தீபாவளிக்கு அட்டனில் அப்படி ஒன்று வாங்கிக் கொண்டுபோய் அம்மாயியிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். பிறகு மஞ்சள் பட்டிருந்த முந்தானை ஓரத்தை நனைத்துத் தேய்த்தார். நுரை வந்தது, மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"செவக்கவே இல்லியே. இது என்னா சவுக்காரம்?"