தட்டானைவிட அது உரித்த சட்டை முக்கியம்

தட்டான் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போக வலை வேண்டாம். பைனாகுலர் இருந்தால் நல்லது. வெயில் நன்றாக ஏறிய பிறகு, காற்று அதிகம் இல்லாத நேரமாகப் பார்த்துக் குளக்கரைக்குப் போங்கள். உடம்பில் சூடு ஏறினால்தான் தட்டான்கள் பறக்கும். உட்காரும்போது இறக்கைகளை விரித்தே வைத்திருந்தால் அது தட்டான், முதுகின் மேல் சேர்த்துக்கொண்டால் ஊசித்தட்டான். விரித்தபடி உட்காரும் ஊசித்தட்டான்களும் உண்டு. அப்போது கண்ணைப் பாருங்கள்: ஊசித்தட்டானின் கண்கள் தலையின் இரு ஓரங்களிலும் நன்றாகத் தள்ளி இருக்கும்.

சரி, ஒரு குளத்தின் மேல் பத்துத் தட்டான் சுற்றுகிறது. அவை அங்கேயே பிறந்தவையா? சொல்ல முடியாது. பாண்டலா ஃபிளாவெசென்ஸ் என்னும் மஞ்சள் தட்டான் ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் மாலத்தீவில் கூட்டமாக வந்திறங்கும். தேங்கிய நன்னீரே அரிதான தீவுகள் அவை. அங்கு வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் அவை வரும் தேதிகளைப் பல ஆண்டுகள் குறித்துவைத்து, இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கடல் தாண்டிப் போகும் வழியில்தான் இறங்குகின்றன என்று 2009இல் எழுதினார்.

அதனால் வானத்தைப் பார்த்தது போதும், கரையோரத்துக் கோரைத் தண்டுகளைப் பாருங்கள். தண்ணீருக்குள் வளர்ந்த இளம்பூச்சி கடைசியில் தண்டில் ஏறி, முதுகு பிளந்து, இறக்கையோடு வெளியே வரும். காலிச் சட்டை தண்டைப் பிடித்தபடி நிற்கும். பிளவில் மெல்லிய வெள்ளை நூல்கள் தெரிந்தால் அவை மூச்சுக்குழாய்களின் உள்தோல். இரையை எட்டிப் பிடித்த நீண்ட கீழுதடுகூடத் தலைக்கு அடியில் மடங்கியபடி அப்படியே இருக்கும். இந்தச் சட்டை ஒன்று கிடைத்தாலே அந்த இனம் இங்கே வளர்ந்து முடித்திருக்கிறது என்று பொருள். முட்டையிடுவதைப் பார்த்தால்கூட அவ்வளவு நிச்சயமில்லை. பளபளக்கும் கார் பானட் ஒளியைத் தண்ணீரைப் போலவே பிரதிபலிப்பதால், ஏமாந்து அதன்மேல் முட்டையிடும் தட்டான்கள் இருக்கின்றன!

அப்புறம் பட்டியல். பிரிட்டனின் தும்பிச் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கை சுமார் 17,000 பேர் தந்த 14 லட்சம் பதிவுகளை வைத்து எழுதப்பட்டது. 1970க்குப் பின் 40 சதவீதத்துக்கு மேற்பட்ட இனங்கள் பரவியிருப்பதாகவும், 11 சதவீதம் சுருங்கியிருப்பதாகவும் அது சொல்கிறது. பார்ப்பவர்கள் கூடினாலே பதிவுகளும் கூடும் என்பதால் இந்தக் கணக்கு அவ்வளவு எளிதல்ல. பார்த்த எல்லாவற்றையும், தினமும் கண்ணில் படும் சாதாரணத் தட்டான் உட்பட, எழுதியிருந்தால்தான் பட்டியலில் இல்லாதது அன்று தென்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அரிய இனத்தை மட்டும் குறித்துக்கொண்டு வருபவரின் தாளில், மற்றவை அங்கே இல்லையா, இவர் எழுதவில்லையா என்று யார் கண்டார்?