எலும்பு கூடிவிட்டது, அம்மா ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை?

வயதானவர்கள் கீழே விழுந்து எலும்பு முறிந்தால் வீட்டில் எல்லோரும் காத்திருப்பது எக்ஸ்ரேவுக்காகத்தான். "எலும்பு கூடிடுச்சு, இனிமே நடக்கலாம்" என்று எலும்பு டாக்டர் சொன்னதும் வீடே நிம்மதியாகிவிடும். பிசியோதெரபிஸ்டான என்னைப் பலர் கூப்பிடுவது அதற்கும் சில வாரம் கழித்து. (முதல் வாரமே கூப்பிட்டால் நல்லது, அது வேறு விஷயம்.) போய்ப் பார்த்தால் தையல் ஆறியிருக்கும், வலியும் பெரிதாக இருக்காது. ஆனால் ஆள் கட்டிலை விட்டு இறங்க மாட்டார்.

பிடிவாதம் என்பார்கள், சோம்பல் என்பார்கள், வயசாகிவிட்டது என்பார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒன்றுதான்: மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம். "என்னால் முடியும்" என்ற எண்ணம் விழுந்த அன்றைக்கே உடைந்திருக்கும். அது எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. விழுந்து எழுந்த முதியவர்கள் சிலர், கண்ணில் படுவதையெல்லாம் எட்டிப் பிடித்துக்கொள்வதையும், பிடிமானம் இல்லாமல் ஓர் அடி கூட எடுத்து வைக்க முடியாமல் தவிப்பதையும் மர்ஃபி, ஐசக்ஸ் என்ற இருவர் 1982-லேயே தனி நோய்க்குறியாகப் பதிவு செய்தார்கள்.

பயந்து நடப்பவரைச் சற்று கவனித்துப் பாருங்கள். கண் தரையிலேயே இருக்கும். தோள் இறுகியிருக்கும். முழங்கால் சரியாக மடங்காது. பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வைப்பார். பாதம் தூக்காவிட்டால் நிலைப்படியில் தடுக்கும், மிதியடியில் தடுக்கும், புடவைக் கொசுவத்தில் கூடத் தடுக்கும். விழக்கூடாது என்றுதான் அப்படி நடக்கிறார், அந்த நடையே அவரை விழ வைக்கிறது. சரி, நடக்கவே வேண்டாம் என்று படுத்துவிட்டால்? 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமாக இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோய் எதுவும் இல்லாதவர்களுக்கே அப்படி.

மதுரைப் பக்கம் ஓர் அம்மா. பல வருஷம் இட்லிக் கடை நடத்தி, பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். கட்டிலில் உட்கார்ந்தபடியே போனில் சீட்டுப் பணம் வசூல் பண்ணுவார், மகனுக்கு யோசனை சொல்வார். தன்னம்பிக்கை இல்லாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் தொடை எலும்பு முறிந்து ராடு வைத்த பிறகு வாசலுக்கு இறங்கும் இரண்டு படியைக் கண்டால் கை நடுங்கும்.

ஒவ்வொரு வேலையாகச் சொல்லி, பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க என்று கேட்டேன். கட்டிலை விட்டு எழுந்திருக்க எட்டு. சமையல்கட்டு வரை போக ஆறு. குளியலறைக்கு நாலு. வாசல் படி? "அதுக்கு ஒண்ணு போட்டுக்க தம்பி. அதுவும் நீ கேட்டதுக்காக."

இந்தப் பதில்தான் எனக்கு வழிகாட்டி. நம்பிக்கையை ஒரே மொத்தமாக, இருக்கிறது அல்லது இல்லை என்று பார்க்கக்கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக இருக்கும். மேரி டினெட்டி என்ற அமெரிக்க மருத்துவர் 1990-ல் தன் குழுவோடு உருவாக்கிய அளவுகோலும் இப்படித்தான் கேட்கிறது. "உங்களுக்குப் பயமா?" என்ற பொதுக் கேள்வியோடு நிற்காமல், குளிப்பது, உடை மாற்றுவது, நாற்காலியிலிருந்து எழுவது என்று பத்து அன்றாட வேலைகளைச் சொல்லி, ஒவ்வொன்றையும் விழாமல் செய்ய எவ்வளவு நம்பிக்கை என்று கேட்கிறது.

அந்த அம்மாவிடம் ஒன்று வாங்கிய வாசலுக்கு நான் அவசரப்படவில்லை. ஆறு வாங்கிய சமையல்கட்டில் ஆரம்பித்தோம். மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று கொத்தமல்லி ஆய்வது. அப்புறம் ஒரு கையை எடுத்துவிட்டு ஆய்வது. அப்புறம் மேல் தட்டிலிருந்து டப்பா எடுப்பது. அது எட்டு ஆனதும் குளியலறை. கைப்பிடிக் கம்பி பொருத்தினோம், குளிக்க பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டோம். அதற்குப் பிறகுதான் படி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில், ஊன்றுகோல் நல்ல கால் பக்கத்துக் கையில். பேத்தி எதிரில் நின்று "இறங்கு ஆயா" என்று கூப்பிட்டாள். ஆயா என்னைப் பார்த்து, "நீ பிடிக்காத, பக்கத்துல மட்டும் நில்லு" என்றார். இறங்கினார். மறுபடி ஏறச் சொல்வதற்குள் தானே திரும்பி ஏறினார். இப்போ எத்தனை மார்க் என்று கேட்டேன். "ஏழு. மழை பெய்ஞ்சா அஞ்சு." இவ்வளவு துல்லியமான கணிப்பு எந்தப் பரிசோதனையிலும் கிடைக்காது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதிய கட்டுரையில், இந்த நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார். தானே செய்து பார்ப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் தைரியம், அந்த நேரத்தில் உடம்பு காட்டும் படபடப்பும் நிதானமும். நான்கில் மிகவும் வலுவானது முதலாவது. பாம்பைக் கண்டாலே நடுங்குகிறவர்களை வைத்து அவர் செய்த சோதனைகளிலும், வழிகாட்டி பக்கத்தில் இருக்க, படிப்படியாக நெருங்கித் தொட்டுப் பார்த்தவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. நம் வீடுகளில் மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு, "தைரியமா நடங்கம்மா" என்று தினமும் சொல்லிப் பார்க்கிறோம். அது தனியாக வேலை செய்யாது.

அதைவிடக் கெடுதல் அன்பினால் நடக்கிறது. "நீங்க உட்காருங்க, நான் எடுத்துத் தரேன்." "பார்த்து பார்த்து, விழுந்துடப் போறீங்க!" சொல்பவருக்கு அக்கறை. கேட்பவருக்கு, தன்னால் முடியாது என்று ஒரு நாளைக்குப் பல தடவை கிடைக்கும் தீர்ப்பு. தண்ணீர் டம்ளரைக் கூட நாம் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் தானே செய்து பார்க்க மிச்சம் என்ன இருக்கிறது? எச்சரிக்கை சொல்லத்தான் வேண்டும். ஆனால் பயத்தைச் சொல்லாமல் வழியைச் சொல்லுங்கள். "விழுந்துடாதீங்க" என்பதற்குப் பதில் "வலது பக்கம் கம்பி இருக்கு, பிடிச்சுக்கங்க" என்று சொன்னால் கை கம்பியைத் தேடும்.

இன்னொன்றும் கற்றுக்கொடுக்கிறேன், பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: விழுந்தால் எப்படி எழுவது. பலரின் பயம் விழுவதை விட, விழுந்து யாரும் வராமல் கிடப்பதைப் பற்றியது. விழுந்ததும் உடனே எழ முயலக்கூடாது. கொஞ்ச நேரம் படுத்திருந்து வலி எங்கே என்று பார்க்க வேண்டும். கடுமையான வலி இருந்தாலோ, காலை அசைக்க முடியாவிட்டாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ எழவே கூடாது, ஆள் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் ஒருக்களித்துத் திரும்பி, உள்ளங்கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, தவழ்ந்து ஒரு உறுதியான நாற்காலி வரை போய், அதில் இரண்டு கையையும் ஊன்றி, பலமான காலை முன்னே வைத்து எழுந்து, மெல்லத் திரும்பி உட்கார வேண்டும். பாய் விரித்து, பக்கத்தில் ஒருவர் இருக்க, இதைப் பழக்க முடிந்தவர்களின் முகம் அன்றைக்கே தெளிந்துவிடும். சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

எல்லாப் பயமும் வீண் பயம் அல்ல. எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறது என்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிரஷர் மாத்திரையும் தூக்க மாத்திரையும் காரணமாக இருக்கலாம். கண்புரை இருக்கலாம், சர்க்கரையால் பாதம் மரத்துப் போயிருக்கலாம். இவற்றை விட்டுவிட்டு நம்பிக்கை மட்டும் ஊட்டுவது ஆபத்து. நேர் எதிரான ஆட்களும் உண்டு. எண்பது வயதில் ஸ்டூல் மேல் ஏறி ஃபேன் துடைக்கும் ஐயாக்களுக்கு நம்பிக்கையில் ஒரு குறையும் இல்லை, கால் பலம்தான் ஈடு கொடுக்காது. அவர்களிடம் வாதம் பண்ணாமல் ஒரு சின்னப் பரிசோதனை செய்து காட்டுகிறேன். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, 30 வினாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. 70 முதல் 74 வயதில் ஆண்களுக்கு 12-க்குக் கீழே, பெண்களுக்கு 10-க்குக் கீழே வந்தால் கால் பலம் குறைவு என்று அர்த்தம். பக்கத்தில் ஆள் நிற்க, வீட்டிலேயே செய்யலாம். எண்ணிக்கை குறைவாக வந்தால் அதே நாற்காலிதான் பயிற்சிக் கருவியும். முதலில் கையை ஊன்றி எழுங்கள், பலம் வர வர ஊன்றுவதைக் குறையுங்கள்.