'கிராஷ்' என்றால் நொறுங்கலா?

கும்பகோணத்தில் அலுவலகப் பணியாளர்களுக்கு நடந்த ஒரு கணினிப் பயிற்சியின் கையேட்டில் இப்படியொரு தலைப்பு: 'கணினி விபத்துகளுக்கான பொதுவான காரணங்கள்'. அதன் கீழே முதல் காரணமே 'காலாவதியான ஓட்டுநர்கள்'. சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு அச்சடித்த தாள் மாறி வந்துவிட்டதோ என்றுதான் யாருக்கும் தோன்றும். கணினியில் டிரைவர் என்பது அச்சுப்பொறி, திரை போன்ற கருவிகளை விண்டோஸ் போன்ற இயங்குதளத்தோடு இணைக்கும் சிறு நிரல். அதற்கு 'இயக்கி' என்ற நல்ல சொல் புழங்கி வெகுகாலம் ஆகிறது.

அந்த 'விபத்து' கிராஷ் என்பதன் பெயர்ப்பு: ஓடிக்கொண்டிருக்கும் நிரலோ கணினியோ தொடர முடியாமல் சட்டென்று நின்றுபோவது. கிராஷ் என்பது ஆங்கிலத்தில் ஓசையிலிருந்து பிறந்த சொல். நம்முடைய 'தடால்', 'மடார்' போல. விழுந்து உடையும் சத்தத்தில் தொடங்கி, மோதலுக்கும் விமானம் விழுவதற்கும் பங்குச்சந்தைச் சரிவுக்கும் போய், கடைசியில் கணினிக்கு வந்தது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

'விபத்து' என்பதோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்ட சோம்பல் அது; நகைத்துவிட்டுப் போகலாம். தொல்லை தருவது கிராஷுக்கான இன்னொரு பெயர்ப்பு, 'நொறுங்கல்'. இதை ஆக்கியவர்கள் சோம்பேறிகள் அல்லர், தனித்தமிழ் ஆர்வலர்கள். அதனால்தான் இது பரவுகிறது, அதனால்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

நொறுங்குவது எது? அப்பளம், கண்ணாடி. நொறுங்கியது மீண்டும் பழையபடி சேராது. அந்தச் சொல்லின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கணினி அப்படியா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள். அவற்றில் ஒரு திருகுகூட உடையவில்லை. அந்நிறுவனத்தின் பாதுகாப்பு நிரல் தனக்குரிய எல்லையைத் தாண்டி நினைவகத்தைப் படிக்க முயன்றது. இனியும் ஓடினால் தரவு கெடும் என்று இயங்குதளம் தானே நிறுத்திக்கொண்டது. பல இடங்களில் ஆட்கள் நேரில் போய், கணினியை 'சேஃப் மோட்' எனும் பாதுகாப்பு முறையில் தொடங்கி, பிழையான கோப்பை நீக்கியதும் அவை எழுந்துவிட்டன. கோப்பை நீக்கியதும் எழுந்து உட்கார்ந்த ஒன்றை நொறுங்கியது என்று எப்படிச் சொல்வது?

'சொல் வலுவாக இருக்கட்டுமே' என்பார்கள். வலுவான சொல்லைத் தவறான இடத்தில் வைத்தால் படிப்பவர் பயப்படுவார். 'உங்கள் கணினி நொறுங்கியது' என்று திரையில் கண்ட மன்னார்குடிக் கடைக்காரர் அதைப் பழைய இரும்புக்குப் போட்டாலும் வியப்பதற்கில்லை. 'செயலிழப்பு' இதைவிடத் தேவலாம்; செய்தித்தாள்களும் அதையே எழுதுகின்றன. ஆனால் சிறுநீரகச் செயலிழப்பு என்று எழுதிப் பழகிய கைகளுக்கு அது ஆங்கிலத்தின் ஃபெய்லியர். மின்விசிறி நின்றாலும் செயலிழப்புதான். 'முடக்கம்' திரை உறைந்து நிற்பதற்குப் பொருந்தும். கிராஷ் வேறு நிகழ்வு.

என் தேர்வு 'நிலைகுலைவு'. நிரல் ஓடும் ஒவ்வொரு கணத்திலும் கணினி ஒரு நிலையில் இருக்கிறது: நினைவகத்தில் எது எங்கே, அடுத்த கட்டளை எது என்ற ஒழுங்கு. அந்த நிலை குலைந்து, இனித் தொடர வழியில்லை என்றாகும்போது நேர்வதே கிராஷ். குலைதல் என்றால் கட்டு விட்டுப்போதல், ஒழுங்கு கெடுதல். சீர்குலைவு என்பதிலும் அதே குலைவுதான். 'குலை என்றால் வாழைக்குலை அல்லவா' என்று ஒரு நண்பர் கேட்டார். தஞ்சைப் பக்கம் அதற்குத் தார் என்று பெயர். நமக்கு அந்தக் குழப்பமே வராது.

இந்தச் சொல்லை வைத்துக் காரணங்களைப் படித்துப் பாருங்கள். நினைவகச் சில்லில் பழுது இருந்தால் நிலைகுலைவு. நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் அதன் இணைப்புமுனை அரிக்கும். பழுதுபார்ப்பவர் ரேம் எனும் அந்த நினைவகத்தைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, மீண்டும் மாட்டுவது இதற்காகத்தான். அரிசி ஆலை அலுவலகங்களில் உமித்தூசு விசிறியை அடைத்து, கணினியின் மையச் செயலகம் (சிபியு) சூடேறினால் நிலைகுலைவு. மின்னழுத்தம் சட்டென்று தாழ்ந்தாலும் நிலைகுலைவு. பொருந்தாத இயக்கி, வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராத நிரல் (நினைவகக் கசிவு), ஒரே வளத்துக்காக இரண்டு நிரல்கள் மோதிக்கொள்வது என எதைச் சொன்னாலும் வாக்கியம் இடறவில்லை. அந்தக் கையேட்டுக்காரர் நினைவகக் கசிவை 'நினைவாற்றல் கசிவு' என்று எழுதியிருந்தார். கணினிக்கு வல்லாரைக் கீரை வாங்கித் தர வேண்டும் போலிருக்கிறது.

மொழிபெயர்ப்பவர்கள் பொருளைப் பார்க்காமல் சொல்லைப் பார்க்கிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு வந்தபின் அதையும் பார்ப்பதில்லை. வந்ததை ஒட்டிவிட்டு அச்சகத்துக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் யாரும் இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் 'சிஸ்டம் படுத்துவிட்டது' என்கிறார்கள். மழையில் சம்பாப் பயிர் படுத்துவிட்டது என்று சொல்லும் அதே வாய்தான். படுத்தது எழக்கூடும் என்ற பொருள் அதில் இருக்கிறது. நொறுங்கலைவிட அது எவ்வளவோ மேல். எழுத்தில் அதைக் கொண்டுவரத் தயங்குபவர்களுக்கே 'நிலைகுலைவு' என்ற சொல்.

ஒரு விலக்கு உண்டு. பழைய வன்வட்டில் (ஹார்டு டிஸ்க்) தரவைப் படிக்கும் தலை சுழலும் தட்டில் உரசி அதன் பூச்சைக் கீறிவிடுவதையும் ஆங்கிலத்தில் கிராஷ் என்றே சொல்கிறார்கள். அங்கே பொருள் உண்மையிலேயே கெடுகிறது. அதற்கு 'வட்டுச் சிதைவு' என்று எழுதுங்கள், மறுப்பில்லை.