பட்டதாரி தொகுதியில் வாக்களிக்க: பெயர் சேர்ப்பது முதல் வாக்கு எண்ணிக்கை வரை

வாக்காளர் அட்டை கையில் இருக்கிறது, பட்டமும் வாங்கியாயிற்று. ஆனாலும் மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டாவது அவையான மேலவைக்குத் தேர்தல் நடக்கும் நாளில் வாக்குச்சாவடிக்குப் போனால் பட்டியலில் பெயர் இல்லை. கர்நாடகத்தில் ஒவ்வொரு முறையும் கேட்கும் புலம்பல் இது. சட்டமன்றத் தேர்தலுக்கான பொது வாக்காளர் பட்டியல் வேறு, மேலவை உறுப்பினரைப் பட்டதாரிகள் மட்டும் தேர்ந்தெடுக்கும் பட்டதாரி தொகுதியின் பட்டியல் வேறு. முன்னதில் பெயர் இருப்பதால் பின்னதில் தானாக வந்துவிடாது. போன தேர்தலில் வாக்களித்தவரும் அடுத்த தேர்தலுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பட்டியல் ஒவ்வொரு தேர்தலுக்கும் முதலிலிருந்து தயாரிக்கப்படுகிறது. பழைய பட்டியலைத் திருத்திப் பயன்படுத்துவதில்லை.

இந்தியாவில் இப்போது மேலவை உள்ள மாநிலங்கள் ஆறு: கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், பீகார். தமிழ்நாட்டு மேலவை 1986 நவம்பர் 1-ல் அடியோடு ஒழிக்கப்பட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர 2010-ல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. மறு ஆண்டு ஆட்சி மாறியதும் அது வேண்டாம் என்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆகவே தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இப்போது இந்த வாக்கு கிடையாது. பெங்களூரில் குடியிருக்கும் தமிழருக்கு உண்டு.

கர்நாடக மேலவையில் 75 இடங்கள். 25 பேரை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், 25 பேரை உள்ளாட்சி உறுப்பினர்கள். பட்டதாரிகளுக்கு 7, ஆசிரியர்களுக்கு 7. மீதி 11 பேரை ஆளுநர் நியமிக்கிறார். மேலவையை யாரும் கலைத்துத் தேர்தல் நடத்த முடியாது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஆறு ஆண்டு பதவிக்காலம், இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். அதனால் ஏழு பட்டதாரி தொகுதிகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் வராது. 2024 ஜூன் 3-ல் பெங்களூரு, தென்மேற்கு, வடகிழக்கு என்ற மூன்று பட்டதாரி தொகுதிகளுக்கும் மூன்று ஆசிரியர் தொகுதிகளுக்கும் மட்டுமே வாக்குப்பதிவு நடந்தது. உங்கள் மாவட்டம் எந்தத் தொகுதியில் வருகிறது, அதற்கு எந்த ஆண்டு தேர்தல் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

யார் சேரலாம்

தகுதி நாள் நவம்பர் 1. அந்த நாளுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பட்டம் பெற்றிருக்க வேண்டும். இந்தியாவில் உள்ள எந்தப் பல்கலைக்கழகமானாலும் சரி. சென்னையிலோ மதுரையிலோ படித்துவிட்டு பெங்களூரில் வேலை பார்ப்பவர் தாராளமாகச் சேரலாம். படித்த ஊரை யாரும் கேட்பதில்லை, குடியிருக்கும் ஊர் அந்தத் தொகுதிக்குள் இருந்தால் போதும்.

மூன்று ஆண்டு என்பது பட்டமளிப்பு விழா நடந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, தேர்வு முடிவு வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகிறது. 2024 தேர்தலுக்கான தகுதி நாள் 2023 நவம்பர் 1. 2020 செப்டம்பரில் முடிவு வந்தவருக்கு இடம் உண்டு, அதே ஆண்டு டிசம்பரில் வந்தவருக்கு இல்லை. விழா தள்ளிப்போய்ச் சான்றிதழ் தாமதமாகக் கிடைத்தவர்கள் தங்களுக்குத் தகுதி இல்லை என்று தாங்களே ஒதுங்கிவிடுவதுண்டு. முடிவு வந்த தேதியைப் பார்க்கவும்.

ஆசிரியர் தொகுதிக்கு வேறு கணக்கு. தகுதி நாளுக்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் மொத்தம் மூன்று ஆண்டாவது, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனத்தில் பாடம் நடத்தியிருக்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இதில் வாக்கில்லை. இது நியாயமா என்ற கேள்வி நெடுநாளாக இருக்கிறது, ஆனால் வரம்பை வைத்திருப்பது அரசியலமைப்பின் 171-வது பிரிவே. அவர் பட்டதாரியாக இருந்தால் பட்டதாரி தொகுதியில் சேரலாம். கல்லூரி விரிவுரையாளர் இரண்டு தகுதியும் உள்ளவர் என்றால் இரண்டு பட்டியலிலும் இடம்பெறலாம்.

வேட்பாளருக்கு மட்டும் பட்டம் தேவையில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். முப்பது வயது நிறைந்து, அந்த மாநிலத்தின் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். இதைத் தீர்த்துவைத்ததே ஒரு தமிழ்நாட்டு வழக்குதான். சென்னை பட்டதாரி தொகுதியில் வென்ற ஜி.நாராயணசாமி பட்டதாரி அல்ல என்பதால் அவர் தேர்வு செல்லாது என்றது உயர் நீதிமன்றம். பட்டம் என்பது வாக்காளருக்குச் சொன்ன தகுதி, வேட்பாளருக்குச் சொன்னதல்ல என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

விண்ணப்பம்

பட்டதாரிக்குப் படிவம் 18, ஆசிரியருக்குப் படிவம் 19. தேர்தல் வரும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டிலேயே வேலை தொடங்கிவிடும். வழக்கமாக அக்டோபர் 1-ல் பொது அறிவிப்பு வரும், நவம்பர் முதல் வாரத்தோடு விண்ணப்பக் கெடு முடியும். அந்த மாதக் கடைசி வாக்கில் வரைவுப் பட்டியல், டிசம்பர் கடைசியில் இறுதிப் பட்டியல். தேர்தல் ஜூனில்தானே என்று ஏப்ரலில் விழித்துக்கொள்பவர்கள்தான் அதிகம். இறுதிப் பட்டியல் வந்த பிறகும் விண்ணப்பிக்க வழி இருக்கிறது, ஆனால் வேட்புமனுவின் கடைசி நாளோடு கதவு மூடிவிடும். அதிகாரிகள் சரிபார்க்கவும் நாள் வேண்டும் என்பதால் கடைசி வாரத்தை நம்பி இருக்க வேண்டாம்.

படிவத்தோடு பட்டச் சான்றிதழ் அல்லது மதிப்பெண் பட்டியலின் நகல், முகவரிச் சான்று, புகைப்படம் இணைக்க வேண்டும். நகலை மூலச் சான்றிதழோடு ஒப்பிட்டு அதிகாரி கையொப்பமிட வேண்டும். மூலத்தை எடுத்துப் போகாமல் திரும்பி வருவது இங்கே வாடிக்கை. ஆசிரியர் என்றால் நிறுவனத் தலைவரிடம் பணிக்காலச் சான்று வாங்க வேண்டும். அதில் ‘இங்கே பணிபுரிகிறார்’ என்று மட்டும் இருந்தால் போதாது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

கட்சிக்காரரோ சங்கத்துக்காரரோ வந்து, ‘படிவத்தைக் கொடுங்கள், நாங்கள் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறோம்’ என்றால் கொடுக்காதீர்கள். கட்டுக்கட்டாக வரும் விண்ணப்பங்களை ஏற்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் உத்தரவு. இரண்டு விலக்குகள் உண்டு: ஒரே முகவரியில் உள்ள குடும்பத்தாருக்காக ஒருவர் மூலச் சான்றிதழ்களுடன் வந்து கொடுக்கலாம், நிறுவனத் தலைவர் தம் ஊழியர்களின் படிவங்களைச் சேர்த்து அனுப்பலாம். வரைவுப் பட்டியல் வந்ததும் பெயரைத் தேடிப் பாருங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவர்களுக்கும், சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டவர்களுக்கும்தான் சிக்கல் அதிகம்.

வாக்குச்சீட்டில் என்ன எழுதுவது

இங்கே இயந்திரம் கிடையாது, காகிதச் சீட்டுதான். கட்சிச் சின்னமும் இருக்காது. விரும்பும் வேட்பாளரின் பெயருக்கு எதிரே 1 என்று எழுத வேண்டும். பிறகு விருப்ப வரிசைப்படி 2, 3 என்று எழுதிக்கொண்டே போகலாம். 1 கட்டாயம், மற்றவை உங்கள் விருப்பம்.

சரி என்று குறியிட்டால் செல்லாது. ‘ஒன்று’ என்று எழுத்தால் எழுதினாலும் செல்லாது. இரண்டு பேருக்கு 1 போட்டாலோ, ஒரே பெயருக்கு எதிரே 1-ம் 2-ம் போட்டாலோ, கையெழுத்தோ பெயரோ போட்டாலோ செல்லாது. சாவடியில் தரும் ஊதா நிறப் பேனாவை விட்டு சட்டைப்பையில் உள்ள பேனாவால் எழுதினாலும் அதே கதிதான். எண்ணை ரோமன் வடிவிலோ எந்த இந்திய மொழி வடிவிலோ எழுத விதி இடம் தருகிறது. ஆகவே ‘௧’ என்பதும் செல்ல வேண்டும்தான், ஆனால் எண்ணும் மேசையில் அதை வைத்துச் சோதனை செய்து பார்க்காதீர்கள். பட்டதாரிகள் மட்டுமே வாக்களிக்கும் இந்தத் தேர்தலில் செல்லாத வாக்குகள் ஆயிரக்கணக்கில் விழுவது விசித்திரம்தான். பொத்தானை அழுத்திப் பழகிய கை.

எப்படி எண்ணுகிறார்கள்

ஒரே இடத்துக்கான தேர்தலில் செல்லும் வாக்குகளைப் பாதியாக்கி ஒன்று கூட்டினால் வருவது கோட்டா, அதாவது நேரடியாக வெல்லத் தேவையான வாக்கு. 50,000 செல்லும் வாக்குகள் என்று வைத்துக்கொள்வோம், கோட்டா 25,001. முதல் விருப்பத்தில் அ 22,000, ஆ 18,000, இ 7,000, ஈ 3,000 பெறுகிறார்கள். யாரும் கோட்டாவைத் தொடவில்லை. கடைசியில் உள்ள ஈ விலக்கப்படுவார், அவருடைய சீட்டுகளில் 2 யாருக்கு என்று பார்த்துப் பிரிப்பார்கள். 1,400 ஆவுக்கு, 600 அவுக்கு, 500 இக்கு. மீதி 500 பேர் 2 எழுதவே இல்லை, அந்தச் சீட்டுகள் அங்கேயே நின்றுவிடும். இப்போது அ 22,600, ஆ 19,400, இ 7,500. அடுத்து இ விலக்கப்பட, 5,200 ஆவுக்கும் 1,300 அவுக்கும் போகிறது, 1,000 நின்றுவிடுகிறது. ஆ 24,600, அ 23,900. இன்னும் கோட்டா இல்லை. அ விலக்கப்பட்டு, மிஞ்சிய ஆ வென்றதாக அறிவிக்கப்படுவார். முதல் சுற்றில் 4,000 வாக்குகள் முந்தியவர் தோற்றார், கோட்டாவை எட்டாதவர் வென்றார்.

‘1 மட்டும் போடுங்கள், 2 போட்டால் எனக்கு விழுந்த வாக்கு போய்விடும்’ என்று வேட்பாளர்கள் சொல்வது உண்மையல்ல. நீங்கள் 1 போட்டவர் களத்தில் இருக்கும்வரை உங்கள் 2-ஐ யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அவர் விலக்கப்பட்ட பிறகுதான் அது உயிர்பெறும். சின்ன வேட்பாளருக்கு 1 போடுகிறவர் 2 எழுதாமல் விடுவதுதான் வீண்.

எம்.எல்.ஏ.க்கள் வாக்களிக்கும் தேர்தலில் பல இடங்கள் ஒன்றாக வரும். அங்கே ஒரு சீட்டின் மதிப்பு 100. கர்நாடகத்தில் 224 எம்.எல்.ஏ.க்கள், 11 இடங்கள் என்றால் 22,400-ஐ 12-ஆல் வகுத்து, மீதியை விட்டு, ஒன்று கூட்டினால் கோட்டா 1,867. அதாவது ஓர் இடத்துக்கு 19 முதல் விருப்ப வாக்குகள். 2024 ஜூனில் காங்கிரஸ் 7, பா.ஜ.க. 3, மதச்சார்பற்ற ஜனதா தளம் 1 என்று போட்டியின்றி முடிந்ததற்குக் காரணம் இந்த வகுத்தல்தான். ஒவ்வொரு கட்சிக்கும் தன் பலத்துக்கு எத்தனை இடம் என்பது முன்பே தெரியும். ஆனால் மாநிலங்களவைத் தேர்தல் போல் சீட்டைக் கட்சி முகவரிடம் காட்ட வேண்டியதில்லை, இது ரகசிய வாக்கு. 2022 ஜூன் 20-ல் மகாராஷ்டிரத்தில் 10 இடங்களுக்கு நடந்த தேர்தலில் கட்சி மாறி விழுந்த வாக்குகளால் பா.ஜ.க. நிறுத்திய ஐந்து பேரும் வென்றார்கள்.

உள்ளாட்சித் தொகுதிகளில் தாமதம் வேறு வழியில் வரும். அங்கே பஞ்சாயத்து, நகராட்சி உறுப்பினர்கள்தான் வாக்காளர்கள். முக்கால் பங்கு உள்ளாட்சி அமைப்புகளாவது செயல்பாட்டில் இல்லையென்றால் தேர்தல் ஆணையம் தேர்தலை நடத்துவதில்லை. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போன மாநிலத்தில் மேலவை நாற்காலிகள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடப்பது இதனால்தான்.