சொல் விளக்கம்: நிலைத்த ஓரிடத்தான்

ஐசோடோப்பு, தமிழில் ஓரிடத்தான், என்ற சொல் காதில் விழுந்ததுமே பலருக்கு அணு உலையும் கதிர்வீச்சும்தான் நினைவுக்கு வருகின்றன. மலைப்பனியைத் துளைத்தெடுத்து அதில் ஐசோடோப்பு பார்க்கிறார்கள் என்று செய்தி வந்தால், பனிக்குள் கதிரியக்கம் எப்படிப் புகுந்தது என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே பேச்சு கதிரியக்கத்தைப் பற்றியதே அல்ல. பழைய தட்பவெப்பத்தைத் தேடுபவர்கள் அங்கே முக்கியமாகப் பார்ப்பது சிதையாத வகையை, அதாவது நிலைத்த ஓரிடத்தான்களை.

சொல் பிறந்தது 1913-இல், கிளாஸ்கோவில். வேதியியல் குணம் ஒன்றாகவும் அணு எடை வேறாகவும் இருக்கும் அணுக்கள் தனிம அட்டவணையில் ஒரே கட்டத்தில்தான் உட்கார வேண்டும் என்று வேதியியலாளர் ஃபிரெடெரிக் சாடி கண்டிருந்தார், ஆனால் அவற்றுக்குப் பெயரில்லை. கிரேக்கத்தில் ஐசோஸ் என்றால் சமம், டோபோஸ் என்றால் இடம், இரண்டையும் சேர்த்துப் பெயர் வைக்கலாமே என்று சொன்னவர் மார்கரெட் டாட். மருத்துவர், நாவலும் எழுதியவர். அந்த டிசம்பரிலேயே சொல் நேச்சர் இதழில் அச்சேறிவிட்டது.

தமிழில் ஓரிடத்தான் என்பது ஓர், இடம், அத்துச் சாரியை, ஆன் விகுதி சேர்ந்தது. ஒரே இடத்தைச் சேர்ந்தது என்று பொருள். அணுவுக்கு எதற்கு ஆண்பால் விகுதி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். காளானும் ஓணானும் இருக்கிற மொழியில் இது ஒரு குறையாக எனக்குத் தெரியவில்லை. இலங்கைப் பாடநூல்களில் சமதானி. தானம் என்றால் இடம் என்பதால் அது கிரேக்கச் சொல்லுக்கு அப்படியே நேர். தமிழ்நாட்டில் பாடநூல் வழியாக ஐசோடோப்பு ஊன்றிவிட்டது. சமதானி சுருக்கமானதுதான், ஆனாலும் பொருள் உடனே தெரிவது ஓரிடத்தானில்தான்.

சரி, பனியில் இது என்ன சொல்கிறது? இயற்கையில் ஏறத்தாழ 500 ஆக்சிஜன் அணுக்களில் ஒன்று ஆக்சிஜன்-18, மிச்சம் கிட்டத்தட்ட எல்லாமே ஆக்சிஜன்-16. கனமான அணு உள்ள நீர் மூலக்கூறு ஆவியாவதில் கொஞ்சம் பின்தங்கும், மேகத்தில் குளிர்ந்து நீராவதில் முந்திக்கொள்ளும். ஈரக்காற்று மலையேறிக் குளிரக் குளிர, கனமானவை வழியிலேயே கொட்டிவிட, உச்சியில் விழும் பனி இலேசானதாகிறது. டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்ட் 1952-இல் தன் வீட்டுப் புல்தரையில் பீர் பாட்டிலில் புனல் செருகி மழைநீர் பிடித்துத்தான் இந்த வேலையைத் தொடங்கினார். துருவப் பக்கத்துப் பனியில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 1 டிகிரி குறைந்தால் ஆக்சிஜன்-18-இன் விகிதம் ஆயிரத்தில் சுமார் 0.7 பங்கு குறைகிறது என்று 1964-இல் கணக்கும் கொடுத்தார்.

இந்தக் கணக்கை எல்லா மலைக்கும் பொருத்தினால் மாட்டிக்கொள்வோம். பெருவின் ஆண்டீஸ் மலையில் 5,670 மீட்டர் உயரத்தில் இருக்கும் கெல்காயா பனிமூடியில் இலேசான பனி விழுவது குளிர்காலத்தில் அல்ல, வெதுவெதுப்பான மழைக்காலத்தில். அமேசான் பக்கமிருந்து வரும் காற்று வழிநெடுக மழையாகக் கொட்டி, கனமானதை எல்லாம் இழந்த பிறகுதான் மேலே வருகிறது. பருவமழை எட்டும் இமயத்தின் திபெத்திய ஓரத்திலும் கோடைப்பனி இலேசானதுதான். அதனால் அங்கெல்லாம் அளவீடு காட்டுவது வெப்பத்தையா, மழையின் பலத்தையா என்ற வாக்குவாதம் ஓயவில்லை.

இனி, ‘நிலைத்த’ என்ற அடைமொழி. நிலைத்திருப்பது அணுக்கரு மட்டும்தான், பனியடுக்கில் பதிந்த விகிதம் அல்ல. காற்று மேற்பனியை வாரிக்கொண்டு போகும், வெயிலில் பனி நேராகவே ஆவியாகும், உருகிய நீர் கீழே கசிந்து அடுக்குகளைக் கலந்துவிடும். அமெரிக்கப் பனியாற்று ஆய்வாளர் லானி தாம்சனின் குழு 1983-இல் கெல்காயாவில் துளைத்தெடுத்த பனித்தண்டில் சுமார் 1,500 ஆண்டுக் கதை கிடைத்தது. அப்போது உச்சியில் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் கோடு தெளிவாக இருந்தது. 1991-இல் அதே உச்சிக்குப் போனபோது மேலேயுள்ள சில மீட்டருக்குக் கீழே அந்த ஏற்ற இறக்கம் மழுங்கியிருந்தது, உருகுநீர் இறங்கிவிட்டிருந்தது. ஆகவே ‘நிலையான பதிவு’ என்று மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ‘நிலைத்த’ என்பதை ஓரிடத்தானுக்கு முன்னால் மட்டும் போடுங்கள், பதிவுக்கு முன்னால் வேண்டாம்.